அடி விழுவதற்கு முன்

குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் தங்கள் சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டுப் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கட் எல்லாம் வேகமாத்தான் சார் இருக்கு. கேமராவக் கையில வெச்சு ஓடி ஓடி எடுத்தோம். ஆர்.ஆரும் (பின்னணி இசை) போட்டாச்சு. ஆனா பதைபதைப்பு வரலையே, ஏன்?"

அடி விழும் கணத்தில் பதற்றம் பிறப்பதில்லை. விழப்போகிறது என்று தெரிந்தும் எப்போது என்று தெரியாமல் பார்வையாளர் காத்திருக்கும் நேரத்தில்தான் அது பிறக்கிறது. உங்கள் படத்தில் அந்த நேரத்தையே காணோம். கதவு திறக்கிறது, அடுத்த நொடி அடிதடி.

கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் வரும் ஓட்டல் அறைக் காட்சியை ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். பணப்பெட்டியோடு ஒரு கொலைகாரனிடமிருந்து ஒளிந்திருக்கும் மாஸ், தன்னைக் காட்டிக்கொடுக்கும் கருவி அந்தப் பணத்துக்குள்ளேயே இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். வரவேற்பறைக்குப் போன் செய்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் துப்பாக்கியோடு கட்டிலில் உட்கார்கிறான். காலடிச் சத்தம். கதவின் அடியில் வெளிச்சக் கீற்று, அதில் இரண்டு கால்களின் நிழல். நிழல் நகர்ந்து போகிறது. பிறகு நடைவழி விளக்கு அணைகிறது. இசை கிடையாது. கொலைகாரனின் முகமும் கிடையாது. பூட்டு பெயர்ந்து பறக்கும்போது நாம் ஏற்கெனவே நடுங்கிப் போயிருக்கிறோம்.

இதில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் கேமராவை உலுக்கவே இல்லை. கதவு எங்கே, கட்டில் எங்கே, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் நமக்குத் தெளிவாகத் தெரியும். இடம் புரியாவிட்டால் பயம் வராது, குழப்பம்தான் வரும். ஆகவே சண்டை தொடங்கும் முன் ஒரு வைட் ஷாட்டில் வாசல், ஜன்னல், தப்பிக்கும் வழி மூன்றையும் காட்டிவிடுங்கள். இருவர் மோதும்போது கேமரா ஒரே பக்கம் நிற்கட்டும். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை அது தாண்டினால் யார் யாரைத் துரத்துகிறார் என்பதே மாறிவிடும். ஹேண்ட்ஹெல்ட் வேண்டுமானால் பாத்திரத்தின் நிலை குலையும் இடத்துக்கு அதை மிச்சம் வையுங்கள்.

வேகமான கட் தவறல்ல. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) படத்தில் சுமார் 2,700 கட்கள் இருக்கின்றன. ஆனாலும் கண் வலிப்பதில்லை. இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் முக்கியமான விஷயத்தைப் பெரும்பாலும் சட்டத்தின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள். அடுத்த ஷாட்டில் எங்கே பார்ப்பது என்று கண் தேட வேண்டியதில்லை. அதை வைத்துத்தான் எடிட்டர் மார்கரெட் சிக்ஸல் அத்தனை வேகமாக வெட்ட முடிந்தது. எடிட்டிங்குக்கான ஆஸ்கரும் அவருக்குக் கிடைத்தது. செல்போனில் எடுப்பவர்களுக்கும் இது செலவில்லாத பாடம்.

இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டுவது இன்னொரு வழி. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) படத்தில் லாரி ஒரு பக்கம், ஒரு கான்ஸ்டபிளும் சில மாணவர்களும் மாட்டிக்கொண்ட கமிஷனர் அலுவலகம் மறுபக்கம். ஓரிடத்து ஆபத்து முடியுமுன் கதை மற்ற இடத்துக்குத் தாவிவிடும். தாவும் புள்ளிதான் முக்கியம்: கேள்வி எழுந்த பிறகு, பதில் வருவதற்கு முன்.

ஒலியைத்தான் நம் குறும்படங்கள் மிகவும் புறக்கணிக்கின்றன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. 'புல்லிட்' (1968) படத்தில் கார்கள் ஒன்றையொன்று நோட்டம் விடும்வரை லாலோ ஷிஃப்ரினின் இசை ஓடுகிறது. துரத்தல் தொடங்கியதும் இசை நின்று, எஞ்சினும் டயரும் மட்டும் பேசுகின்றன. 'ஹீட்' (1995) படத்தின் தெருச் சண்டையில் மைக்கேல் மன், படப்பிடிப்பிலேயே பதிவான துப்பாக்கிச் சத்தத்தைப் பயன்படுத்தினார். லாஸ் ஏஞ்சலஸின் உயரக் கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த எதிரொலிக்கு எந்த ஸ்டாக் சவுண்டும் ஈடாகாது.

படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். மூச்சு, செருப்பு, சட்டை உரசல், சாவிக்கொத்து ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். அடி விழுமுன் மின்விசிறிச் சத்தத்தைக்கூட நிறுத்திப் பாருங்கள், அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

எடிட் செய்யும்போது வேறு படத்து இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டாதீர்கள். அந்தத் தாளத்துக்கு மயங்கி, ஷாட்டில் இல்லாத பதற்றம் இருப்பதாக நம்பிவிடுவீர்கள். இசையில்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பதைபதைத்தால் மட்டும் இசையமைப்பாளரைக் கூப்பிடுங்கள்.