கிழக்காசியவியல் பட்டம் கேட்பது என்ன?

சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் மொழி, வரலாறு, இலக்கியம், சமயம் ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் துறை கிழக்காசியவியல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலையிலேயே இதனை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு பாடங்கள், ஒரு கருத்தரங்கு, பெரும்பாலும் இறுதியாண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை என்று பாடத்திட்டம் பார்வைக்கு எளிதாகவே இருக்கும். கலைப் பாடமென்றால் இளைப்பாறும் பாடம் என்று எண்ணும் அறிவியல் மாணவர்களாகிய நமக்கு அதன் உண்மையான சுமை கண்ணில் படாது. அந்தச் சுமை மொழியில் இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுவோர் சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளில் பணிக்குரிய தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டுமெனக் கணக்கிட்டுள்ளது. கல்லூரியில் வாரத்திற்கு 5 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக் கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு 600 மணிதான் வருகிறது! மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கோடை விடுமுறையிலும் மாணவர்கள் பெய்ஜிங்கிற்கும் கியோட்டோவிற்கும் மொழி கற்கச் செல்வதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாம் விண்ணப்பப் படிவத்திலேயே முதன்மைப் பாடத்தை எழுதிவிடுகிறோம். அங்கே பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டில்தான் அதை முடிவு செய்கின்றனர். அதுவரை மொழியைத் தொடாதவர், பல இடங்களில் கேட்கப்படும் மூன்றாண்டு மொழிப் பயிற்சியை எப்படி முடிப்பார்? விதிப்படி இரண்டாம் ஆண்டு வரை காலம் இருந்தாலும், நடைமுறையில் முதலாண்டே முடிவெடுக்க வேண்டிய படிப்பு இது. வழிகாட்ட வீட்டில் படித்தவர் இல்லாத மாணவனுக்கு இதை யார் முன்கூட்டிச் சொல்வார்?

சில பல்கலைக்கழகங்கள் தற்கால மொழியோடு பழஞ்சீன மொழியையும் வைத்துள்ளன. ஜப்பானைப் படிப்பவனுக்குப் பழஞ்சீனம் எதற்கு என்று கேட்கலாம். கி.பி. 720இல் முடிக்கப்பட்ட ஜப்பானிய வரலாற்று நூலான 'நிஹோன் ஷோக்கி' பெரும்பாலும் பழஞ்சீன மொழியில்தான் உள்ளது. 1145இல் தொகுக்கப்பட்ட கொரிய வரலாறாகிய 'சம்குக் சாகி'யும் அவ்வாறே. கொரிய மன்னர் செஜோங் தம் மக்களுக்கென எளிய எழுத்து முறையை 1446இல் வெளியிட்ட பின்னரும், அரசவைக் குறிப்புகள் சீன எழுத்திலேயே தொடர்ந்தன. மலையைக் குறிக்கும் ஒரே சீன எழுத்தைச் சீனர் 'ஷான்' என்பர். கொரியர் 'சான்' என்பர். ஜப்பானியரோ இடத்திற்கேற்ப 'யாமா' என்றும் 'சான்' என்றும் படிப்பர். ஒலி வேறானாலும் பொருள் ஒன்றே. இந்த எழுத்துறவுதான் மூன்று நாடுகளையும் ஒரே துறைக்குள் வைக்க முதற்காரணம் என்பது என் கருத்து. எனவே பழஞ்சீனத்தை விருப்பப் பாடமாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேற்சொன்ன 2,200 மணி ஆங்கிலேயருக்கான கணக்கு. தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. 'நான் புத்தகத்தைப் படித்தேன்' என்பது ஜப்பானியத்தில் 'வத்தாஷி வா ஹொன் ஒ யோமிமாஷித்தா'. 'ஹொன்' புத்தகம், அதன் பின்வரும் 'ஒ' நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையைச் செய்கிறது, வினை இறுதியில் நிற்கிறது. கொரிய வாக்கியமும் இப்படித்தான். எழுத்துகளில் மட்டும் சலுகை இல்லை. ஜப்பானில் அன்றாட வழக்கிற்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 சீன எழுத்துகள் உள்ளன.

கடல் கடக்க வசதியில்லாதோர், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இம்மூன்று மொழிகளிலும் இளங்கலை படிக்கலாம். சாந்திநிகேதனில் 1937இல் தாகூர் தொடங்கிய சீன பவனமும் இருக்கிறது.