கிணற்று நீர் எந்த மழையினது?

கருமத்தம்பட்டிப் பாறை நிலத்தில் கிணற்று நீர் வந்த வழியை ஆய்வுச்சாலையில் அந்நீரைக் கொண்டே அறியலாம். நீரிலுள்ள பிராணவாயு அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூற்றில் ஒன்று, எடை 16க்குப் பதில் 18 உடையது. குளத்து நீர் வெயிலில் ஆவியாகையில் இலேசானது முந்திப்போய்க் கனத்தது மிஞ்சும். கிணற்று நீரில் இவ்வடையாளம் காணப்படின், அது குளத்தில் தேங்கிக் கசிந்ததாகும்.

ஹைட்ரஜனின் ஒரு வகையான டிரிட்டியம் 12.3 வருஷத்தில் பாதியாய்க் குறையும். அஃது அற்ற நீர் பெரும்பாலும் 1950க்கு முந்திய மழையினது. அத்தகைய ஆழ்நீரை இறைப்பது முதலைச் செலவழிப்பதாகும். குளத்துக் கசிவோ ஆண்டுதோறும் வரும் வட்டி.

2024இல் துவக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தால் பவானி உபரிநீர் இப்பிரதேசத்துக் குளங்களுக்கு வருகிறது. ஆதலின் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மழைக்கு முன்பே வண்டலெடுத்து, வரத்து வாய்க்கால்களைச் செப்பனிடுவது அவசியம்.