ஒரு நத்தையும் இரு சட்ட மரபுகளும்

நாம் குடிக்கும் சோடாப் புட்டிக்குள் செத்த நத்தை கிடந்தால் என்ன செய்வோம்? சிரிக்காதீர்கள்! இக்கேள்வி ஒருமுறை பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை சென்றது. அதைக் கொண்டே உலகச் சட்டமுறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போமா?

உலக நாடுகளின் சட்டங்களை அறிஞர்கள் சில குடும்பங்களாகப் பிரிப்பர். இஸ்லாமியச் சட்டமும், பல மரபுகள் கலந்த சட்டங்களும் உண்டு. எனினும் மிகப் பரவலானவை இரண்டு. ஒன்று, ரோமானியச் சட்டத்தில் வேரூன்றிய ‘சிவில் லா’. இதில் விதித்தொகுப்பே முதன்மையானது. நெப்போலியன் காலத்தில், 1804-இல் வெளியான பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பு இதற்குச் சிறந்த சான்று. மற்றொன்று, இங்கிலாந்தில் பிறந்த ‘காமன் லா’. இதில் பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களோடு, நீதிபதிகளின் முந்தைய தீர்ப்புகளும் சட்டமாகும்.

இனி நத்தைக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், திருமதி மே டொனகியூ என்ற ஏழைக் கடைப் பணிப்பெண் தம் தோழி வாங்கித் தந்த ‘ஜிஞ்சர் பீர்’ என்னும் குளிர்பானத்தை அருந்தினார். மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்றும், அதனால் நோயுற்றதாகவும் கூறி, பானத்தைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடுத்தார். ஆனால் பணம் கொடுத்தவர் தோழி அல்லவா? எனவே அவருக்கு ஒப்பந்த உரிமை இல்லை. முன்தீர்ப்புகளும் பெரும்பாலும் எதிராகவே இருந்தன.

ஸ்காட்லாந்தின் சட்டம் கலப்பு மரபைச் சேர்ந்தது. ஆயினும் இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் சட்டமும் அதுவும் ஒன்றே எனக் கொண்டு வழக்கு ஆராயப்பட்டது. 1932-இல் ஐந்து நீதிபதிகளில் மூவர், அவ்வாறு வழக்குத் தொடுக்கலாம் என்றனர். அவர்களுள் ஒருவரான அட்கின் பிரபு, நாம் நன்கறிந்த நல்ல சமாரியன் உவமைக்குக் காரணமான கேள்வியையே சட்டத்தின் முன் வைத்தார்: நம் அயலார் யார்? நம் கவனக்குறைவால் யாருக்குத் தீங்கு நேருமென முன்னரே உணர முடியுமோ, அவரே என்பது அவர் விளக்கம். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்ததால், நத்தை இருந்ததா என்பது நிரூபிக்கப்படவே இல்லை!

இதுவே பிரான்சில் நடந்திருந்தால்? நீதிபதி முதலில் தொகுப்பைத் திறப்பார். தன் தவறால் பிறருக்குத் தீங்கு செய்தவர் ஈடு செய்ய வேண்டும் என 1382-ஆம் விதி அன்றே கூறியது. (2016-இல் அது 1240-ஆம் விதியாயிற்று.) பணம் கொடுத்தவர் யார் என்று அவ்விதி கேட்பதில்லை.

அப்படியானால் எது சிறந்தது? எழுதிய விதியை எவரும் படித்தறியலாம். ஆனால் அச்சுருக்கமான சொற்களுக்கு நீதிபதியே பொருள் காணவேண்டும். முன்தீர்ப்பில் அனுபவம் உண்டு. ஆனால் புதிய துன்பத்திற்குப் பழைய வழி இல்லையெனில், ஓர் ஏழையின் நீதி ஒரே வாக்கில் ஊசலாடும்.

நம் இந்தியா காமன் லா மரபினது. உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவு. ஆயினும் பொருளைத் தயாரிப்பவரின் பொறுப்பை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியும் வைத்துள்ளோம். இவ்வாறு இரு மரபுகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

வழிகள் வேறாயினும், அயலாருக்குத் தீங்கு நேராமல் காப்பது நம் கடமை என்பதை இரண்டும் நமக்கு உணர்த்துகின்றன. அக்கடமையை நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல், இன்றே நம் வகுப்பறையில் தொடங்குவோமாக!