இறக்கினோமா, இறக்கிக்கொண்டிருந்தோமா? - வணிகர்களுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்



துவரம் பருப்பு குல்பர்காவிலிருந்து வருகிறது. மிளகாய் வற்றல் குண்டூரிலிருந்து வருகிறது. அங்குள்ள வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. நம்மில் பலருக்குக் கன்னடமோ தெலுங்கோ இந்தியோ எழுத வராது. ஆகவே சரக்கில் குறை இருந்தால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. தாளில் எழுதினாலும் சரி, கைப்பேசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, எழுதியது எழுதியதுதான். நாளை பேச்சு வந்தால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இத்தகைய கடிதங்கள் நடந்து போன சங்கதியைச் சொல்பவை. அதற்கு ஆங்கிலத்தில் இறந்தகாலத்தின் இரண்டு வடிவங்கள் தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஒன்று, முடிந்த செயல். மற்றொன்று, அப்போது நடந்துகொண்டிருந்த செயல். நமக்கு இது புதிதல்ல. 'இறக்கினோம்' என்பதற்கும் 'இறக்கிக்கொண்டிருந்தோம்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அது.

முடிந்த செயல்: 'வி அன்லோடட்' என்றால் இறக்கினோம், வேலை முடிந்தது. நேற்று, சென்ற வாரம், 5-ஆம் தேதி என்று நாள் குறிப்பிட்டு, முடிந்துபோன ஒன்றைச் சொல்லும்போது இவ்வடிவமே பொருந்தும். பல வினைச்சொற்களுக்கு முடிவில் 'எட்' சேர்ந்தால் போதும். சில சொற்கள் உருமாறும். நமக்கு அன்றாடம் தேவைப்படுபவை இவை: பை என்பது பாட் (வாங்கினோம்), செல் என்பது சோல்டு (விற்றோம்), செண்ட் என்பது சென்ட் (அனுப்பினோம்), பே என்பது பெய்டு (பணம் கொடுத்தோம்), ஃபைண்டு என்பது ஃபவுண்டு (கண்டோம்). இவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

நடந்துகொண்டிருந்த செயல்: 'வி வேர் அன்லோடிங்' என்றால் இறக்கிக்கொண்டிருந்தோம், வேலை முடியவில்லை. நான், அவர், அது என்றால் 'வாஸ்'. நாங்கள், நீங்கள், அவர்கள் என்றால் 'வேர்'. அதன்பின் வினைச்சொல்லுடன் 'இங்' சேர வேண்டும். லாரி ஒன்று என்பதால் வாஸ். மூட்டைகள் பல என்பதால் வேர்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு உதாரணம் பார்ப்போம்.

முதலாவது, எண்ணிக்கைக் குறைவு. 60 மூட்டை வர வேண்டிய இடத்தில் 57 வந்திருக்கிறது. கடைக்காரர் இப்படி எழுதுகிறார்: 'வி கவுண்டட் தி பேக்ஸ் அண்ட் தி டிரைவர் லெஃப்ட்.' அதாவது மூட்டைகளை எண்ணினோம், டிரைவர் போனார். படிப்பவர் என்ன நினைப்பார்? டிரைவர் முன்னிலையில் எண்ணி முடித்தார்கள், கணக்குச் சரியாக இருந்ததால் அவரை அனுப்பினார்கள் என்றுதான். உண்மையில் நடந்தது வேறு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் கிளம்பிவிட்டார். அப்படியானால் எழுத வேண்டியது: 'வைல் வி வேர் கவுண்டிங் தி பேக்ஸ், தி டிரைவர் லெஃப்ட்.' ஒரு சொல் மாறினால் மூன்று மூட்டையின் கதையே மாறிவிடுகிறது.

இரண்டாவது, நனைந்த சரக்கு. தார்ப்பாயைப் பிரித்தபோதே பருப்பு மூட்டைகள் ஈரம். அன்று நம் ஊரிலும் பிறகு மழை பெய்தது. 'வென் இட் ரெயிண்டு, வி அன்லோடட் தி பேக்ஸ்' என்று எழுதினால், மழை பெய்தபோது இறக்கினோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு லாரிக்காரர் பொறுப்பேற்பாரா? நடந்ததை வரிசைப்படி இப்படி எழுதலாம்:

'தி லாரி அரைவ்டு அட் 10 ஏ.எம். இட் வாஸ் நாட் ரெயினிங் அட் தட் டைம். வி ரிமூவ்டு தி தார்ப்பாலின் அண்ட் ஃபவுண்டு 12 வெட் பேக்ஸ். தி ரெயின் ஸ்டார்ட்டட் அட் 12 நூன்.'

லாரி வந்தது, பிரித்தோம், கண்டோம், மழை தொடங்கியது என நான்கும் முடிந்த செயல்கள். 'அப்போது மழை பெய்துகொண்டிருக்கவில்லை' என்ற ஒன்று மட்டும் அந்த நேரத்து நிலையைக் காட்டுகிறது. அந்த ஒரு வரிதான் நம் கட்சியைக் காப்பாற்றும்.

அடிக்கடி வரும் பிழைகள்:

1. 'வி வேர் ரிசீவ்டு 40 பேக்ஸ்' என்று எழுதுவோர் உண்டு. 'வி வேர் ரிசீவ்டு' என்றால் எங்களை வரவேற்றார்கள் என்று பொருள்! 'வி ரிசீவ்டு 40 பேக்ஸ்' என்பதே சரி.

2. 'டிட் நாட்' வந்தால் பின்னால் வரும் சொல்லில் 'எட்' கூடாது. 'வி டிட் நாட் ரிசீவ்' என்று எழுத வேண்டும்.

3. தெரியும், வேண்டும், இருப்பில் உண்டு போன்ற சொற்களுக்கு 'இங்' சேராது. 'வி வேர் ஹேவிங் 50 பேக்ஸ்' தவறு; 'வி ஹேட் 50 பேக்ஸ்' சரி. 'வி வேர் நோயிங்' தவறு. 'வி நியூ' சரி.

4. பேச்சில் நாம் 'இறக்கிட்டிருந்தோம்' என்கிறோம். அது இறக்கிக்கொண்டிருந்தோம் என்பதன் சுருக்கம். 'இறக்கிட்டோம்' என்பதோ முடிந்த செயல். கணக்குப்பிள்ளையிடம் வாயால் சொல்லி எழுதச் சொல்லும்போது இந்த இரண்டும் மாறிப்போக வாய்ப்புண்டு. எழுதியதை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.

வீட்டுப் பயிற்சியாக மூன்று வாக்கியங்கள்:

அ. நேற்று 20 டின் எண்ணெய் வாங்கினோம்.
ஆ. லாரி வந்தபோது மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தோம்.
இ. பில் எங்களுக்கு வரவில்லை.

விடைகள்: அ. யெஸ்டர்டே வி பாட் 20 டின்ஸ் ஆஃப் ஆயில். ஆ. வி வேர் வெயிங் தி பேக்ஸ் வென் தி லாரி அரைவ்டு. இ. வி டிட் நாட் ரிசீவ் தி பில்.

கடைசியாக, மொழி சரியாக இருந்தாலும் காலம் கடந்தால் பயனில்லை. சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இழப்புக்கோ சேதத்துக்கோ வழக்குத் தொடர வேண்டுமானால், சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நாள் எண்ணுவது சரக்கு நம் கடைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஆகவே குறை கண்ட அன்றே, டிரைவர் கையிலுள்ள லாரி ரசீதில் கையெழுத்துப் போடும் முன், 'ஃபவுண்டு 12 வெட் பேக்ஸ்' என்று அதிலேயே எழுதிவிடுங்கள். விவரமான கடிதத்தை அன்று மாலை கடை கட்டுவதற்குள் அனுப்பிவிடலாம்.