தொழிலில் இடறல் நேரும்போது

ஹலாலான ரிஜ்கைத் தேடி உழைப்பதும் இபாதத்தே என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த உழைப்பில் ஓர் இடறல் நேர்ந்துவிட்டால் நம்மில் பலர் செய்வது என்ன? "அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காதே!" என்று புலம்புகிறோம். அல்லது, "இன்னார்தான் கெடுத்தார்" என்று ஆளைத் தேடுகிறோம். "உண்மையில் என்ன நடந்தது?" என்று அமைதியாக ஆராய்வோர் மிகச் சிலரே.

முதலாவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பயன் தருவதில் ஆர்வம் கொள்ளவும், அல்லாஹ்விடம் உதவி தேடவும், சோர்ந்துவிடாதிருக்கவும் ஏவிய அவர்கள், துன்பம் நேர்ந்தபின் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்வது ஷைத்தானின் வேலைக்கு வழிதிறக்கும் என எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இரண்டாவதைப் பொறுத்தவரை, வீண் சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் திருமறையின் 49-வது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. எஞ்சியிருப்பது மூன்றாவது வழி: அறியும் ஆவலோடு கேட்பது.

"எல்லாம் கத்ர்தானே, ஆராய்ந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நடந்ததை மாற்ற நாம் ஆராய்வதில்லை. இனிச் செய்வதைத் திருத்தவே ஆராய்கிறோம். பயணத்தில் கல் பட்டுத் தலை காயமுற்ற ஒருவர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் கூடாது என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபிகளார் (ஸல்) அவர்கள் மிகவும் வருந்தி, தெரியாதபோது அவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அந்தத் தோழர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. கேட்கும் எண்ணம் இல்லாததே உயிருக்கு வினையாயிற்று.

நம் தமிழகத்தின் இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு நீரில் மூழ்கியது. விஞ்ஞானிகள் விதியை நொந்து உட்காரவில்லை. பழிசுமத்த ஆள் தேடவுமில்லை. மறுநாளே கூடி ஆராயத் தொடங்கினர். இரண்டாம் கட்டத்தை நெறிப்படுத்தும் அமைப்பில், தூசி படிந்த ஒரு வால்வு மூடாமல் நின்று அமிலம் கசிந்ததே காரணம் எனத் தெரிந்தது. குறை திருத்தப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் விண்ணில் சுழன்றது. அத்தனை பெரிய ராக்கெட்டை வீழ்த்தியது சிறு தூசி! தேடாதவர் கண்ணில் அது படுமா?

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் தென்னை வளர்க்கும் ஒருவரை எண்ணுவோம். குருத்து விரியும்போது ஓலைகள் விசிறிபோல் வெட்டுண்டு தெரிகின்றன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவர் இருந்துவிட்டால் அடுத்த மரமும் கெடும். குருத்தின் அடியைப் பார்த்தால் காண்டாமிருக வண்டு துளைத்திருப்பது புலப்படும். அது எங்கிருந்து வந்தது என்று மேலும் கேட்டால், தோட்டத்து எருக்குழியிலேயே அதன் புழுக்கள் வளர்வது தெரியவரும். நோய் மரத்தின் உச்சியில், காரணமோ காலடியில்!

ஆகவே வியாபாரத்திலோ, வயலிலோ, அலுவலகத்திலோ இடறல் நேர்ந்தால், முதலில் "அல்லாஹ் நாடியது நடந்தது" என்று கூறி மனத்தை அடக்குவோம். பின்னர் என்ன நடந்தது, எங்கே தொடங்கியது, தெரிந்தவர் யார் என்று கேட்போம். நம்மிடம் வேலை செய்பவர் ஒரு தவற்றைச் சொல்ல வந்தால், அதட்டாமல் முழுவதும் கேட்போம். அதட்டினால் அடுத்த முறை அவர் மறைப்பார். தூசி அங்கேயே கிடக்கும்.

வல்ல ரஹ்மான் நமக்குப் பயனுள்ள இல்மையும், கேட்டறியும் பணிவையும், பரக்கத்தான ரிஜ்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.