காலெட் சக்கை நேர்மைபெறப் பொருத்துதல்

கடைசல் யந்திரத்தில் ஒரு புறம் கடைந்த தண்டினைக் கழற்றித் திருப்பிப் பிடித்து மறுபுறம் கடையுங்கால், இரு பகுதிகளும் ஓரச்சில் அமையாது போதல் தொழிற்சாலையில் நித்தமும் காணும் குறையாகும். அவ்வாறு கெட்ட தண்டு பழைய இரும்பேயன்றி வேறில்லை. மூன்று தாடைச் சக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை ஆட்டம் காட்டுவது இயல்பாதலின், நுண்ணிய வேலைக்குக் காலெட் சக்கை நாடுகிறோம். 1970-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து தேசத்து ரெகோ-பிக்ஸ் கம்பெனியார் வகுத்த இ.ஆர். காலெட்டே இன்று பெரிதும் வழங்குவது. அதன் சரிவு அச்சினின்று 8 பாகை. ஆயினும் நல்ல காலெட்டை விலைகொடுத்து வாங்கிய மாத்திரத்தே நேர்மை வந்துவிடாது.

முதற்கண், ஸ்பிண்டில் மூக்கைத் துடைத்து, சக்கு அமரும் இடத்தில் டயல் இண்டிகேட்டரின் முனையை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுழற்றுக. முள் அசையுமாயின், பேரிங்கையோ மூக்கையோ ஆராய்தல் வேண்டும். சக்கைக் குறை கூறிப் பயனில்லை.

பேக் பிளேட்டை, அஃது எந்த யந்திரத்தில் உழைக்குமோ அதிலேயே மாட்டி முகம் கடைதல் வேண்டும். முகம் நடுவில் புடைத்தலாகாது. இம்மியளவு குழிந்திருப்பின் சக்கு விளிம்பில் ஊன்றி அசையாது நிற்கும். சக்கின் குழிவினுட் புகும் மேட்டை இறுக்கமாகக் கடைக என்பார் பலர். யான் அதனை 0.2 மில்லிமீட்டர் சிறுக்கக் கடைவதையே விரும்புவேன். போல்ட்டுத் துளைகளும் சற்றுத் தளர்ந்திருப்பின், சக்கை நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடைக்கும். காலெட்டிற் பிடிக்கும் சிறு தண்டுகளுக்குப் போல்ட்டுகளின் இறுக்கமே போதும்.

இனிப் போல்ட்டுகளை, சக்கு தானே நழுவாத அளவிற்கு மட்டும் முடுக்கி, இண்டிகேட்டரை உட்சரிவில் வைக்க. வெளிப்புறத்தை நம்பற்க, காலெட் அமர்வது உள்ளேயன்றோ? முள்ளின் உச்சத்திற்கும் தாழ்விற்கும் 0.08 வேறுபாடு இருப்பின், சக்கு விலகியிருப்பது அதிற் பாதியாகிய 0.04 மட்டுமே. விலகிய பக்கத்தை மென்சுத்தியலால் தட்டி, அவ்விடத்து முள் 0.04 திரும்பியதும் நிறுத்துக. முழு 0.08-ஐயும் தட்டிவிட்டு, குறை மறுபுறம் தாவியது கண்டு திகைப்போர் உளர். பின்னர் எதிரெதிர்ப் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்க்க. முடுக்கும்போதே சக்கு நகர்வதுண்டு.

இத்துடன் முடிந்ததென்று எண்ணற்க. காலெட்டில் சாணைபிடித்த நேரிய ஊசித் தண்டொன்றை இறுக்கி, சக்கின் அருகிலும் 100 மில்லிமீட்டர் தொலைவிலும் அளக்க. அருகில் நன்றாயிருந்து தொலைவில் ஆட்டம் மிகுமாயின், சக்கு விலகியதன்று, சாய்ந்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் யான் ஒருமுறை பிற்பகல் முழுதும் தட்டிக் களைத்தேன். கழற்றிப் பார்க்கையில், பேக் பிளேட்டு முகத்தின் ஓரத்தில் மயிரினும் மெல்லிய சீவல் ஒன்று கிடந்தது! 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள முகத்தில் 0.02 கனமுள்ள சீவல், 100 மில்லிமீட்டர் தொலைவில் முள்ளை 0.04 ஆட்டும். எத்தனை தட்டியும் அது தீராது.

காலெட்டை முதலில் நட்டினுள் சாய்த்து அழுத்திப் பொருத்திய பின்னரே சக்கில் இடுக. மாறிச் செய்வோர் காலெட்டைக் கெடுப்பர். கழற்றுமுன் ஸ்பிண்டில், பேக் பிளேட்டு, சக்கு மூன்றிலும் ஒரே நேராகச் சிறு குறியிட்டு, மறுமுறை அக்குறிகள் ஒன்றையொன்று நோக்கும்படியே மாட்டுக.