வளிவில்லும் அதன் பிணியறியும் முறையும்

பௌதிகவியல் வகுப்பிற் கற்ற விதியொன்று கராச்சின் எண்ணெய்க் கறைகளிடையே உயிர்பெற்று நிற்பதைக் காண்பது மாணவர்க்கு மகிழ்ச்சியும் பயனும் தருவதாகும். 1662ஆம் ஆண்டில் றொபேட் பொயில் வெளியிட்ட வாயு விதி அத்தகையது. வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு குறித்த திணிவுள்ள வளியின் கனவளவு பாதியாகக் குறையுமாயின் அதன் அமுக்கம் இருமடங்காகும் என்பது அவ்விதியின் சாரம். அவ்விதியின்படி இயங்கும் வளிவில்லையும், பழைய ரேஞ்ச் றோவர் வண்டிகளில் அதற்கு நேரும் பிணிகளையும், அவற்றைக் கண்டறியும் முறையையும் இங்கு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி அமிர்தகழிக்கு எற்றுக்கு என வினவுவார் உளராயின், விடை எளிது. வாவியின் உப்பங்காற்று இரும்பையும் மின்னிணைப்புக்களையும் ஓயாது அரிக்கின்றது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயல்களுக்குச் செல்லும் வண்டி மணலையும் சேற்றையும் ஒருங்கே காண்கின்றது. மேலும், 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. பழைய வண்டியைப் பேணும் அறிவு எத்துணை வேண்டற்பாலது என்பதை அவ்வாண்டுகள் யாவர்க்கும் உணர்த்தின.

1970இல் வெளிவந்த ரேஞ்ச் றோவர் இரும்புச் சுருளிவில்களின்மேல் நின்றது. 1992இல் அதற்கு இலத்திரனியற் கட்டுப்பாட்டுடன் கூடிய வளிவில்கள் வந்தன. 1994 முதல் 2001 வரை செய்யப்பட்ட இரண்டாந் தலைமுறை வண்டியோ நான்கு சில்லுகளுக்கும் வளிவில்களையே கொண்டது. நாம் ஈண்டு சிறப்பாக எடுத்துக்கொள்வது அவ்வண்டியே.

அதன் அமைப்பு நம் உடலின் குருதியோட்டத்தை ஒத்தது. வளியமுக்கி வெளிக்காற்றை உள்ளிழுத்து நெருக்குகின்றது. உலர்த்தி அக்காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. வளித்தாங்கி அதனை ஏறத்தாழ 10 பார் அமுக்கத்தில், அஃதாவது வளிமண்டல அமுக்கத்தின் பத்து மடங்களவில், சேமிக்கின்றது. மின்காந்த வால்வுகள் அடங்கிய வால்வுப் பெட்டி, வேண்டிய சில்லுக்கு வேண்டிய அளவு வளியைக் கொடுக்கவும் எடுக்கவும் செய்கின்றது. சில்லுக்கு ஒன்றாக நான்கு உயர உணரிகள் உள. அவை தரும் செய்தியைக் கணினி ஆராய்ந்து ஆணையிடுகின்றது.

இத்துணைச் சிக்கலும் எதன் பொருட்டு? இரும்புவில்லின்மேல் பாரம் ஏற்றினால் வண்டி தாழும். அதன் அசைவின் மீடிறனும் குறையும். வளிவில்லிலோ, பாரம் ஏறியதும் கணினி மேலும் வளியைச் செலுத்தி முன்னைய உயரத்தையே நிலைநாட்டும். அமுக்கம் கூடக் கூட வில்லின் விறைப்பும் அதற்கேற்பக் கூடுதலின், வெறுவண்டியும் பாரவண்டியும் ஏறத்தாழ ஒரே மீடிறனில் அசையும். இதுவே அதன் சிறப்பு.

இனிப் பிணிகளை நோக்குவோம். மாலையில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையிற் படுத்துக் கிடக்கின்றது. எஞ்சினை இயக்கியதும் வளியமுக்கி நெடுநேரம் இரைகின்றது. சில மாதங்களில் அதுவும் ஓய்ந்துவிடுகின்றது. பலர் உடனே புதிய வளியமுக்கியை வாங்கிப் பூட்டுவர். அதுவும் நெடுநாள் நில்லாது. ஏனெனில் வளியமுக்கி பெரும்பாலும் நோயின் முதலன்று, நோயினால் இறந்தது. எங்கோ ஒரு நுண்ணிய வெடிப்பினூடு வளி கசிய, அவ்விழப்பை ஈடுசெய்ய ஓயாது உழைத்து, ஆடுதண்டின் வளையந் தேய்ந்து அது மாண்டது. ஆதலின் கசிவை நாடாது வளியமுக்கியை மாற்றுதல் ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு துலாவைத் தேடுவதாகும்.

கசிவை நாடுங்கால் ஒரு பெரும் மயக்கம் நேரும். நிறுத்திய வண்டியிலும் கணினி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, மிகத் தாழ்ந்த மூலையை அளவாகக் கொண்டு ஏனைய மூன்றையும் அம்மட்டத்துக்கு இறக்கிவிடும். எனவே ஒரு வில்லிற் கசிவிருந்தாலும் காலையில் நான்கும் தாழ்ந்தே காணப்படும். நான்கு வில்களும் பழுதென மயங்கி நான்கையும் மாற்றினோர் உளர். அவ்விழிப்பை நடத்தும் தாமத றிலேயை மாலையிற் கழற்றிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து அதன் மேல் வளைவின் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும். காலையில் எந்த மூலை தாழ்ந்ததோ அதுவே குற்றவாளி.

மூலை தெரிந்தபின் சவர்க்கார நீரைத் தூரிகையாற் பூசுக. சைக்கிள் கடையில் ரியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்கும் அதே முறைதான். வில்லின் அடியில் றப்பர் மடிந்து உருளும் இடத்தையும், குழாய் பொருந்தும் முனையையும் சிறப்பாக நோக்குக. வண்டியின் உயரத்துக்கேற்ப மடிப்பின் இடமும் மாறும். தாழ்ந்த நிலையில் மறையும் வெடிப்பு உயர்ந்த நிலையில் வாய் திறக்கலாம். ஆதலின் ஒவ்வோர் உயரத்திலும் சோதித்தல் அவசியம்.

வில்லிற் குமிழி இல்லையாயின் வால்வுப் பெட்டிக்குச் செல்க. அதனுள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் காலத்தால் இறுகிச் சுருங்கும். உலர்த்தியின் மணிகள் பொடிந்து அத்தூள் வால்வுகளை அடைப்பதும் உண்டு. வாவிக்கரையின் ஈரக்காற்று உலர்த்தியை விரைவில் நிறைத்துவிடுதலின், அதனை இங்குள்ளோர் அடிக்கடி கவனித்தல் நன்று.

வால்வு இயங்குகின்றதா என்பதைச் செவியாலே அறியலாம். முழுநிலவில் வாவியிற் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவிவைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்கும் வழக்கம் மட்டக்களப்பார் யாவரும் அறிந்தது. அவ்வாறே ஒரு மரக்கோலை வால்வின்மேல் ஊன்றிச் செவியை வைக்க. ஆணை பிறக்கும்போது 'டிக்' என்னும் ஒலி எழாதாயின் குறை மின்னோட்டத்தினது, அன்றேல் மின்சுருளினது. ஒலி எழுந்தும் வண்டி அசையாதாயின் குறை வளியினது: தாங்கியில் வளி இல்லை, அல்லது வழி அடைபட்டது. ஒரு சிறு ஒலி தேடலைப் பாதியாகக் குறைக்கின்றது.

உயர உணரி தேய்ந்தாற் கணினிக்குப் பொய்ச்செய்தி செல்லும். மல்ரிமீற்றரை இணைத்து நெம்பை மெதுவாக அசைக்கும்போது, தடை ஒழுங்காக ஏறி இறங்குதல் வேண்டும். இடையே துள்ளுமாயின் உணரி பழுது. அதற்குமுன் இணைப்பிற் பச்சைக் களிம்பு பிடித்துளதா என நோக்குக. உப்பங்காற்றின் கைவேலை பெரும்பாலும் அங்குதான்.

விளங்காத செய்தியைக் கண்ட கணினி, வண்டியை இறுதி மட்டத்துக்குத் தாழ்த்தி, மணிக்கு 35 மைலுக்கு மேற் செல்லற்க என எச்சரிக்கும். இப்பதிவு, குறை தீர்ந்தபின்னும் தக்க கருவியால் அழித்தாலன்றி நீங்காது. வாசியாமல் அழிப்பவர் சாட்சியை அழிப்பவராவர்.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. வளியால் மட்டும் தாங்கப்பட்ட வண்டியின் கீழ் ஒருபோதும் புகுதலாகாது. வால்வொன்று திறந்தால் இரண்டு தொன் இரும்பு ஒரு கணத்தில் இறங்கும். உடற்சட்டத்தைத் திண்ணிய தாங்கிகளின்மேல் நிறுத்தி, சில்லுகளுக்கு மரக்குற்றி இட்டபின்னரே கீழே செல்க. குழாயைக் கழற்றுமுன் வளியை முற்றாக வெளியேற்றுக. மாணவர் இதனை மறந்தாற் கற்ற விதிகள் யாவும் பயனற்றுப்போம்.

வளிவில்களைக் கழற்றிச் சுருளிவில்களைப் பூட்டுவோரும் உளர். உதிரிப்பாகம் கிடையாத இடத்தில் அதனைப் பிழையென்னோம். ஆயின், காரணத்தை அறிந்தபின் செய்வது தெரிவு. அறியாது செய்வது தோல்வி. சவர்க்கார நீர், அளவுநாடா, மரக்கோல், மல்ரிமீற்றர் ஆகிய நான்கும் ஒரு புதிய வளியமுக்கியின் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும். மலிவானதையும் அண்மையிலுள்ளதையும் முதலிற் சோதித்து, விலைமிக்கதை இறுதியிலே தொடுக. ஆய்வுகூடத்தில் நம் ஆசிரியர் கற்பித்த ஒழுங்கும் அதுவே.